உப்புத்தாங்கு புதர்ச்செடிகள்

உப்புத்தாங்கு புதர்ச்செடிகள் என்பன, குளிர்காலத்தில் சாலைகளிலும் நடைபாதைகளிலும் பனிக்கட்டியை உருக்குவதற்காகத் தூவப்படும் உப்பின் பாதிப்பைப் பிற செடிகளைவிடக் கூடுதலாகத் தாங்கி வளரக்கூடிய புதர்ச்செடிகள் ஆகும். கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள், வட ஐரோப்பிய நாடுகள் போன்ற குளிர்ப் பகுதிகளில் நடைபாதை ஓரங்களில் நடுவதற்கு இத்தகைய செடிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. உப்பைத் தாங்கும் திறன் ஒரே ஒரு பண்பு அன்று. இலைகளிலும் மொட்டுகளிலும் தெறிக்கும் உப்பைத் தாங்கும் செடி, மண்ணில் சேரும் உப்பைத் தாங்காமல் போகலாம். எனவே, நடும் இடத்தில் உப்பு எவ்வழியாகச் செடியை அடைகின்றது என்பதை அறிந்த பின்னரே இனத்தைத் தேர்வு செய்தல் வேண்டும். இக்கட்டுரை, தமிழர் பெருமளவில் வாழும் ரொறன்ரோ நகரை உள்ளடக்கிய தென் ஒன்ராறியோவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

பின்னணி

நடைபாதையில் விழும் வெண்பனி மிதிபட்டு இறுகி, வழுக்கும் பனிக்கட்டியாக மாறுகின்றது. இதில் வழுக்கி விழுந்து எலும்பு முறிவோர், குறிப்பாக முதியோர், ஆண்டுதோறும் உள்ளனர். ஆகவே நடைபாதையில் உப்பிடுதல் பாதுகாப்புக்கான தேவையாகக் கருதப்படுகின்றது.

இதற்குப் பெரிதும் பயன்படுவது பாறை உப்பு, அதாவது சோடியம் குளோரைடு ஆகும். உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகின்றது. தூய நீர் 0 °செ வெப்பநிலையில் உறையும். ஏறத்தாழ 23% உப்புள்ள கரைசல் −21 °செ வரை உறைவதில்லை. எனினும் நடைமுறையில் ஏறத்தாழ −9 °செ வெப்பநிலைக்குக் கீழே பாறை உப்பு மிக மெதுவாகவே வேலை செய்கின்றது. அதனிலும் கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் நியூ ஆம்ப்சயர் மாநிலம் 1938 ஆம் ஆண்டில் சோதனை முறையாகச் சாலைகளில் உப்பைத் தூவத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இப்பழக்கம் வட அமெரிக்கா முழுவதும் பரவியது. ஒன்ராறியோவின் கொடரிச் நகரில் 1866 இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது உப்புப் படிவு கண்டறியப்பட்டது. அங்கு ஹூரோன் ஏரிக்கு அடியில் 1959 முதல் இயங்கும் சுரங்கம் உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமாகும்.

கனடிய நடுவண் அரசு 2001 இல் வெளியிட்ட மதிப்பீடு, சாலை உப்புகள் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு விளைவிப்பவை என முடிவு செய்தது. நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் சாலை உப்பு பயன்படுவதாகவும் அது கணக்கிட்டது. இதைத் தொடர்ந்து 2004 இல் சாலை உப்பு மேலாண்மைக்கான நடைமுறை விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது.

உப்பு செடியை அடையும் வழிகள்

தெறிப்பு வழி

ஊர்திகளின் சக்கரங்கள் உப்புநீரை நுண்துளிகளாகத் தெறிக்கின்றன. இத்துளிகள் கிளைகளிலும் மொட்டுகளிலும் ஊசியிலைகளிலும் படிகின்றன. விரைவுச் சாலைகளின் ஓரத்தில் இதுவே முதன்மையான பாதிப்பு ஆகும். ஊர்திகள் மெதுவாகச் செல்லும் குடியிருப்புத் தெருக்களில் தெறிப்பு குறைவு.

மண் வழி

நடைபாதையில் இட்ட உப்பு, உருகிய நீருடன் ஓரத்து மண்ணில் இறங்குகின்றது. நடைபாதையிலிருந்து அள்ளி ஒதுக்கப்படும் வெண்பனியும் உப்பைச் சுமந்துகொண்டே செடியின் மேல் குவிக்கப்படுகின்றது. நடைபாதை ஓரத்தில் நிற்கும் செடிகளுக்குப் பெரும்பாலும் இவ்வழியே கூடுதல் தீங்கு விளைகின்றது.

சாலைக்கும் நடைபாதைக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய நிலப்பட்டையில் நடப்படும் செடியை இரு வழிகளிலும் உப்பு வந்தடையும். நடைபாதைக்கும் வீட்டுக்கும் இடையே நடப்படும் செடிக்கு மண்வழி உப்பே முதன்மையானது.

பாதிப்பின் இயக்கம்

உப்பு செடியை மூன்று வகையில் பாதிக்கின்றது.

நீர்த்தடை: வேருக்கு வெளியே உப்புச் செறிவு மிகும்போது, சவ்வூடு பரவல் மூலம் வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகின்றது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி வறட்சியில் வாடுவதுபோல் வாடும்.

அயனி நச்சு: குளோரைடு அயனி நீருடன் மேலேறி இலை விளிம்புகளில் சேர்கின்றது. அளவு மிகும்போது விளிம்புகள் கருகுகின்றன.

மண் சீர்கேடு: சோடியம் அயனி களிமண் துகள்களில் ஒட்டியுள்ள கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றை இடம்பெயர்க்கின்றது. இதனால் மண்கட்டிகள் சிதைந்து, நீரும் காற்றும் புகாதவாறு மண் இறுகுகின்றது.

தமிழக வேளாண்மையில் உவர்நிலம், களர்நிலம் என்று இரண்டாகப் பிரித்துக் கூறும் வழக்கம் உள்ளது. கரையும் உப்புகள் மிகுந்தது உவர்நிலம். சோடியம் மண்துகளில் ஒட்டி மண்ணைக் கெடுத்தது களர்நிலம். குளிர்நாட்டு நடைபாதை ஓர மண்ணிலும் இவ்விரு நிலைகளைக் காணலாம். குளிர்கால முடிவில் அது உவர்நிலத்தை ஒத்திருக்கும். வசந்தகால மழையில் குளோரைடு எளிதில் கழுவிச் செல்லப்படும். சோடியத்தின் ஒரு பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். இவ்வாறு ஆண்டுகள் பல செல்லும்போது களிமண் நிலம் களர்த்தன்மை அடைகின்றது. மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேல் இருந்தால் அது உவர்மண் எனவும், மாற்றீட்டுச் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது களர்மண் எனவும் பொதுவாக வகைப்படுத்தப்படுகின்றன.

அறிகுறிகள்

உப்பினால் ஏற்படும் பாதிப்பைக் குளிர், நோய், வறட்சி ஆகியவற்றால் ஏற்படும் பாதிப்பிலிருந்து பிரித்தறிவது தேர்வுக்கு முன் செய்யவேண்டிய பணியாகும். ஏற்கனவே அவ்விடத்தில் நிற்கும் செடிகளே இதற்குச் சான்று தருகின்றன.

* தெறிப்பு வழிப் பாதிப்பு ஒருபக்கமாக இருக்கும். சாலையை நோக்கிய பக்கத்தில் ஊசியிலைகள் குளிர்கால இறுதியில் நுனியிலிருந்து பழுப்பாகும். மறுபக்கம் பச்சையாக இருக்கும்.
* இலையுதிர் புதர்களில் சாலைப்பக்க மொட்டுகள் வசந்தத்தில் விரிவதில்லை. நுனிமொட்டு இறந்த கிளையில் பக்கமொட்டுகள் பல ஒருங்கே முளைத்து, துடைப்பம் போன்ற கிளைக்கொத்து உண்டாகும்.
* வெண்பனியால் மூடப்பட்டிருந்த கீழ்க்கிளைகள் பெரும்பாலும் தெறிப்பிலிருந்து தப்பிவிடும்.
* மண் வழிப் பாதிப்பு செடி முழுவதிலும் தோன்றும். வளர்ச்சி குன்றுதல், சிறிய இலைகள், கோடையில் இலை விளிம்பு கருகுதல், இலைகள் முன்கூட்டியே நிறம் மாறி உதிர்தல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

மண் வழிப் பாதிப்பு கோடையிலேயே வெளிப்படுவதால், அதன் காரணம் சென்ற குளிர்காலத்து உப்பு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

தாங்கும் திறனின் அடிப்படை

தெறிப்பைத் தாங்கும் செடிகளில் மொட்டுகள் தண்டினுள் புதைந்தோ, பிசின் அல்லது மெழுகு பூசப்பட்டோ, மயிரிழைகளால் மூடப்பட்டோ காணப்படுகின்றன. மண் உப்பைத் தாங்கும் செடிகள் வேரிலேயே உப்பை வடிகட்டுகின்றன. அல்லது உள்ளே வந்த உப்பை உயிரணுக்களின் நுண்குமிழிகளில் ஒதுக்கி வைக்கின்றன. சவுக்கைப் போன்ற தோற்றமுள்ள தாமரிக்சு என்னும் செடி, இலையிலுள்ள சுரப்பிகள் மூலம் உப்பை வெளியேற்றுகின்றது.

தமிழகக் கடலோரத்து உமரி, கண்டல் போன்றவை உப்பைத் தாங்குவதில் மிகச் சிறந்தவை. ஆயினும் கண்டல் உறைகுளிரில் இறந்துவிடும். உமரி சதுப்பு மண்ணை நாடும் சிறுசெடியாகும். நடைபாதையோரச் செடிக்கு உப்பையும் குளிரையும் ஒருங்கே தாங்கும் திறன் தேவை. அதனால்தான் குளிர்நாட்டுக் கடற்கரை மணல்மேடுகளிலும் வறண்ட புல்வெளிகளிலும் இயற்கையாக வளரும் இனங்கள் இதற்கு நாடப்படுகின்றன.

தேர்வு செய்யும் முறை

1. உப்பின் வழியை அறிதல்: சாலைப்பக்கமா, வீட்டுப்பக்கமா, வெண்பனி குவிக்கப்படும் இடமா என்பதைக் குளிர்காலத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

2. குளிர் வலயம்: கனடாவில் 1967 இல் வெளியான செடித்தாங்கு வலய வரைபடம் நாட்டை வலயங்களாகப் பிரிக்கின்றது. 0 மிகக் கடுங்குளிர்ப் பகுதி. எண் கூடக்கூடக் குளிர் குறையும். வின்னிப்பெக்கில் தாங்கும் செடி ரொறன்ரோவிலும் குளிரைத் தாங்கும். மறுதலையாக எப்பொழுதும் அமையாது. ஐக்கிய அமெரிக்க வலய எண்களும் கனடிய வலய எண்களும் வெவ்வேறு முறையில் கணிக்கப்படுவதால் இரண்டையும் கலக்கக் கூடாது.

3. மண்ணின் தன்மை: மணற்பாங்கான மண்ணில் உப்பு விரைவில் கழுவப்படும். களிமண்ணில் தங்கும். நடைபாதைக் கற்காரையிலிருந்து கசியும் சுண்ணாம்பினால் ஓரத்து மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையதாக இருக்கும்.

4. முதிர்ந்த அளவு: நாற்றங்காலில் முழங்கால் உயரம் இருக்கும் செடி சில ஆண்டுகளில் இரண்டு மீட்டர் பரவலாம். முள்ளுள்ள கிளை நடைபாதையில் நீண்டால் நடப்போருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் இடையூறு. சந்திப்புகளிலும் வண்டி வெளிவரும் பாதைகளிலும் உயரமான புதர், ஓட்டுநருக்குக் குழந்தைகள் தெரியாமல் மறைக்கும். இவ்விடங்களில் 60 முதல் 75 செ.மீ உயரத்துக்கு மிகாத இனங்களே ஏற்றவை.

5. மீண்டும் துளிர்க்கும் திறன்: வெண்பனி அகற்றும் வண்டி கிளைகளை முறிப்பதும், குவித்த பனியின் எடையால் புதர் பிளப்பதும் வழக்கம். அடியிலிருந்து பல தண்டுகளாகத் துளிர்க்கும் புதர்கள், ஒற்றைத் தண்டுச் செடிகளைவிட எளிதில் மீளும்.

குறிப்பிடத்தக்க இனங்கள்

ருகோசா ரோசா: சப்பான், கொரியா, வடகிழக்குச் சீனா, உருசியாவின் கிழக்குக் கடற்கரை ஆகியவற்றுக்கு உரியது. 1 முதல் 2 மீட்டர் உயரம் வளரும். தெறிப்பு, மண் உப்பு இரண்டையும் நன்கு தாங்கும். இதன் சிவந்த கனிகள் உயிர்ச்சத்து சி மிகுந்தவை. அடர்ந்த முட்கள் உடையதால் நடைபாதையிலிருந்து தள்ளி நடவேண்டும்.

வட பேபெரி: நியூபவுண்ட்லாந்து முதல் வட கரோலினா வரையிலான அத்திலாந்திக்குக் கடற்கரைக்கு உரியது. இதன் சாம்பல் நிறக் கனிகளின் மேலுள்ள மெழுகிலிருந்து குடியேற்றக் காலத்தில் மெழுகுவர்த்தி செய்யப்பட்டது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகளின் துணையால் நைதரசனை நிலைப்படுத்துகின்றது. அமில மண்ணை விரும்புவதால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலைகள் மஞ்சளாகலாம்.

நறுமணச் சுமாக்: கிழக்கு வட அமெரிக்காவுக்கு உரியது. மாமரமும் முந்திரியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் குட்டை வகையான குரோ-லோ ஏறத்தாழ 60 செ.மீ உயரத்தில் படர்ந்து வளர்வதால் பார்வையை மறைப்பதில்லை.

மான்கொம்புச் சுமாக்: ஒன்ராறியோவுக்கு உரிய உயர்ந்த புதர். இலையுதிர்காலத்தில் செந்நிறம் கொள்ளும். உப்பை நன்கு தாங்கும். ஆனால் வேர்களிலிருந்து கன்றுகள் விட்டுப் பரவும். அகன்ற சரிவுகளுக்கு ஏற்றது, ஒடுங்கிய பட்டைக்கு ஏற்றதன்று.

ஸ்னோபெரி: 1 முதல் 1.5 மீட்டர் உயரம். நிழலிலும் வளரும். இலை உதிர்ந்த பின்னரும் வெண்கனிகள் கிளையில் நிற்கும். இக்கனிகள் மனிதர் உண்ணத்தக்கவை அல்ல என்பதால் குழந்தைகள் உள்ள இடங்களில் கவனம் தேவை.

புதர்ப் பொட்டென்டில்லா: ஒரு மீட்டர் அளவு உயரம். கோடை முழுவதும் மஞ்சள் பூக்கள் பூக்கும். கார மண்ணிலும் வளரும். உப்பை மிதமாகத் தாங்கும்.

படர் சூனிப்பர்: 15 முதல் 45 செ.மீ உயரத்தில் தரையோடு படரும் பசுமை மாறாச் செடி. வடிகால் உள்ள வெயில் இடம் தேவை.

லைலாக்கு: 3 மீட்டருக்கு மேலும் வளரும். இதுவும் உப்பைத் தாங்கும் புதராகப் பரவலாக ஏற்கப்படுகின்றது. வேலிவரிசைக்கு உகந்தது.

தவிர்க்கத்தக்கவை

பாக்சுவூட், யூ, எம்லாக்கு ஆகிய பசுமை மாறாச் செடிகள் நடைபாதை ஓரத்தில் விரைவில் பழுப்பாகின்றன. மரங்களில் கிழக்கத்திய வெள்ளைப் பைன் உப்புத் தெறிப்புக்கு எளிதில் இலக்காகும் இனமாக அறியப்படுகின்றது.

சில இனங்களைப் பற்றிப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. செந்தண்டு டாக்வூட் ஒரு பட்டியலில் உப்பைத் தாங்குவது எனவும், மற்றொன்றில் தாங்காதது எனவும் காணப்படும். ஒரு பட்டியல் மண்வழி உப்பையும் மற்றொன்று தெறிப்பையும் அளவுகோலாகக் கொள்வது இத்தகைய முரண்பாட்டுக்கு ஒரு முக்கிய காரணமாகும். எனவே, எவ்வகை உப்புக்கான பட்டியல் என்று குறிப்பிடாத பட்டியலை மட்டும் நம்பிச் செடி வாங்குதல் தகாது.

ஆக்கிரமிப்புச் சிக்கல்

உப்பு, வறட்சி, குளிர் ஆகிய அனைத்தையும் தாங்கும் செடி, நடப்பட்ட இடத்தைத் தாண்டியும் பரவ வல்லது. முன்னர் உறுதியான வேலிச்செடியாகப் பரிந்துரைக்கப்பட்ட பல இனங்கள் இன்று ஆக்கிரமிப்பு இனங்களாகியுள்ளன.

* ஐரோப்பியப் பக்தார்ன் உப்பை நன்கு தாங்கும். பறவைகள் இதன் விதைகளைக் காடுகளில் பரப்புகின்றன. ஓட்ஸ் பயிரைத் தாக்கும் துருநோய்க்கு இது இடைவிருந்தோம்பி ஆகும். ஒன்ராறியோவில் இது சட்டப்படி தீங்குக் களையாக அறிவிக்கப்பட்டுள்ளது.
* இலையுதிர் ஆலிவ், தாத்தாரிய ஹனிசக்கிள், சைபீரியப் பட்டாணிப்புதர் ஆகியவையும் வட அமெரிக்காவில் பல இடங்களில் இயற்கை நிலங்களில் புகுந்துள்ளன.
* தாமரிக்சு ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கு ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்துள்ளது.
* ருகோசா ரோசா வட ஐரோப்பியக் கடற்கரை மணல்மேடுகளில் உள்ளூர்ச் செடிகளை நெருக்கி ஒதுக்குகின்றது. பின்லாந்தில் 2022 முதல் இதை வளர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

ஆகவே, ஒத்த திறனுடைய இரு செடிகளுள் அப்பகுதிக்கு உரிய இனத்தைத் தேர்வதே பாதுகாப்பானது. தென் ஒன்ராறியோவில் நறுமணச் சுமாக், ஸ்னோபெரி, படர் சூனிப்பர் ஆகியவை இவ்வகையின.

நடுதலும் பராமரிப்பும்

வசந்தகாலத்தில் நடப்படும் செடிக்கு முதல் குளிர்காலத்துக்கு முன் வேரூன்றக் கோடை முழுவதும் கிடைக்கும். தோண்டுவதற்கு முன் நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் செல்லும் இடத்தைக் குறித்துத் தரக் கேட்கவேண்டும். சாலைக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள நிலப்பட்டை பெரும்பாலும் நகராட்சிக்கு உரியது என்பதால் அங்கு நட அனுமதியும் தேவைப்படலாம்.

உப்புநீர் தாழ்ந்த இடத்தை நோக்கி ஓடும். எனவே, பாத்தியை நடைபாதை மட்டத்தைவிடச் சற்று உயர்த்தி அமைத்தால் வேர்ப்பகுதியில் சேரும் உப்பு பெருமளவு குறையும். வசந்தத்தில் நிலம் இளகியதும் நன்கு நீர் பாய்ச்சினால் உப்பு கீழே கழுவப்படும். வடிகால் உள்ள மண்ணில் 15 செ.மீ உயர நீர் உட்புகுந்தால் வேர்ப்பகுதியிலுள்ள கரையும் உப்பில் ஏறத்தாழப் பாதி நீங்கும் என்பது பொதுவான கணிப்பு. களர்த்தன்மை அடைந்த மண்ணில் நீர் மட்டும் போதாது. அங்கு கால்சியம் சல்பேட்டு எனப்படும் ஜிப்சம் இடப்படுகின்றது. அதன் கால்சியம் மண்துகளிலுள்ள சோடியத்தை வெளியேற்ற, நீர் அதைக் கழுவிச் செல்லும். தமிழகத்தில் களர்நிலச் சீர்திருத்தத்துக்குப் பயன்படுவதும் இம்முறையே.

இளஞ்செடிகளுக்கு முதல் சில குளிர்காலங்களில் சாலைப்பக்கமாகச் சாக்குத்துணித் திரை கட்டலாம். துணி கிளையைத் தொடாதவாறு கழிகளை ஊன்றிக் கட்டவேண்டும். கருகிய கிளைகளை வசந்தத்தில் உடனே வெட்டாமல், மொட்டுகள் விரியும் வரை பொறுத்திருந்து, உயிருள்ள பகுதிக்கு மேலே வெட்டுதல் முறை.

வரம்புகள்

உப்பைத் தாங்கும் செடி என்பது உப்பால் பாதிப்படையாத செடி என்று பொருள்படாது. உப்பின் அளவு கூடினால் எச்செடியும் இறக்கும். மேலும், செடி உப்பைத் தாங்கினாலும் உப்பு மறைந்துவிடுவதில்லை. அது நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் சேர்கின்றது. நன்னீர் உயிரினங்களைக் காக்க நீண்டகால அளவில் குளோரைடு லீட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் வேண்டும் எனக் கனடிய வழிகாட்டி கூறுகின்றது.

எனவே, செடித் தேர்வு உப்புக் குறைப்பிற்கு மாற்று அன்று, அதற்குத் துணையே. வெண்பனியை மிதிபட்டு இறுகுமுன் அள்ளுதல், தேவையான இடத்தில் மட்டும் உப்பிடுதல், கடுங்குளிர் நாட்களில் உப்புக்குப் பதிலாக மணலைத் தூவிப் பிடிமானம் தருதல், பனி உருகிய பின் எஞ்சிய உப்பைப் பெருக்கி எடுத்தல் ஆகியவை எளிய வழிகள். கால்சியம் மக்னீசியம் அசிட்டேட்டு செடிகளுக்குக் குறைந்த தீங்கே விளைவிக்கும். ஆயினும் விலை மிகுதி. குளிர்கால இறுதியில் இடப்படும் உப்பு, தொடக்கத்தில் இடப்படும் உப்பைவிடச் செடிகளுக்குக் கூடுதல் தீங்கு செய்கின்றது. அப்பொழுது மொட்டுகள் துயில் கலையத் தொடங்குவதும், உப்பு கழுவப்படப் போதிய காலம் இல்லாததும் இதற்குக் காரணங்கள். ஆகவே மார்ச்சு மாதத்தில் உப்பின் அளவைக் குறைப்பது, நடைபாதையோரப் புதர்களுக்கு மிகுந்த பயன் தருவதாகும்.